முல்லைப்பாட்டில் மீண்ட வீரனின் மனப்புண்

கருநாடக எல்லையில் அமைந்த அத்திபெலேக்கு வடமேற்கே பேகூரிலும், தெற்கே கிருட்டிணகிரி வட்டாரத்திலும் பழங்கால வீரர்க்கு எடுத்த கற்கள் உள்ளன. கன்னடம் அவற்றை 'வீரகல்' என்கிறது. தமிழ் 'நடுகல்' என்கிறது. பெயர் எதுவாயினும் கல் மாண்டவனையே போற்றுகிறது. களத்திலிருந்து மீண்டவனின் உள்ளம் பட்ட பாட்டைத் தமிழ் மரபு எங்குப் பதிவு செய்துள்ளது என்பது ஆராயத்தக்கது.

புறத்திணையில் புண் உடலுக்கே உரியது. விழுப்புண் புகழ் தரும். புறப்புண் நாணம் தரும். வெண்ணிப் போரில் புறப்புண்பட்ட சேரமான் வடக்கிருந்ததைப் புறநானூறு (65, 66) கூறும். வீரனின் மனக்கலக்கத்திற்கு அங்குத் தனித்துறை இல்லை.

அக்கலக்கத்தை அகப்பாட்டாகிய முல்லைப்பாட்டு ஏற்றுக்கொள்கிறது. 103 அடிகள் கொண்ட இப்பாட்டில் நப்பூதனார் பாசறை வேந்தனை உறக்கமின்றிக் காட்டுகிறார். முதலில் கூறப்படும் காரணம் போரின்மேல் உள்ள 'நசை'. இது புறமரபு ஒப்பும் காரணம். ஆயின் அவன் எண்ணுவன வேறு: புண் மிகுதியால் பிடிகளை மறந்த களிறுகள்; களிற்றின் கையைத் துணித்துச் செஞ்சோற்றுக்கடன் கழித்து மாண்ட மறவர்; அம்பு தைத்தமையால் செவிசாய்த்து உண்ணாது வருந்தும் குதிரைகள். உள்ளுதல், சிந்தித்தல், நினைதல் என்னும் மூன்று வினைகள் அடுத்தடுத்து வருகின்றன. மூன்றும் மனத்தின் வினைகள். ஒரு கை படுக்கையில் ஊன்ற, மறு கை முடியைத் தாங்குகிறது. உணர்வுக்குப் பெயர் சூட்டாமல் மெய்ப்பாட்டால் புலவர் அதனை உணர்த்துகிறார். வேந்தனின் மறத்தையும் அருளையும் மட்டும் இங்குக் காண்பது பாடலைக் குறைத்துக் காண்பதாகும்.

எனினும் பாடலுக்கு ஓர் எல்லை உண்டு. நினைப்பவன் வேந்தன், படைமறவனின் உறக்கம் பேசப்படவில்லை. மேலும், வெற்றிக்குப்பின் வேந்தனுக்கு இனிய துயில் வாய்த்துவிடுகிறது. வெற்றி மனப்புண்ணை ஆற்றும் என்னும் இக்கருத்தை வரலாறு மெய்ப்பிக்கவில்லை.

முதல் உலகப்போரில் சார்லசு மையர்சு 1915இல் 'ஷெல் ஷாக்' என்னும் சொல்லை மருத்துவ எழுத்தில் ஆண்டார். அப்பெயர் வழங்கிய காலத்திலேயே, களத்தைவிட்டு ஓடியமை, கோழைமை முதலிய குற்றங்களுக்காகப் பிரித்தானியப் படையினர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் 306 பேருக்கு 2006இல்தான் மன்னிப்பு வழங்கப்பட்டது. ஆதலின் பெயர் மட்டும் காப்பதில்லை. நோயையும் கோழைமையையும் பிரித்தறியும் நோக்கும் வேண்டும்.

2009இல் முடிந்த ஈழப்போரிலிருந்து மீண்டவர்க்கும் இது பொருந்தும். அவர்தம் நோய்க்குத் தமிழில் கலைச்சொல் ஆக்குவோர், உறக்கமின்மையையும் ஓயாத நினைவையும் அடையாளமாகக் காட்டும் முல்லைப்பாட்டின் நோக்கிலிருந்து தொடங்கலாம். விழுப்புண், புறப்புண் என்னும் பாகுபாட்டிலிருந்து தொடங்குவது பொருந்தாது.