ஆணையும் நகையும்: ரிச்சர்ட் மாசிங்ஹாமின் அரசுக் குறும்படங்கள்

இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் அதனையடுத்த தட்டுப்பாட்டு ஆண்டுகளிலும் பிரித்தானிய அரசு தன் மக்களிடம் கேட்டவை தனித்தனியே சிறியவை. ஆயின் அவற்றுக்கு முடிவே இல்லை. குளியல் நீரைக் குறைத்தல், கைக்குட்டையில் தும்முதல், பண்டிகை அஞ்சலை முன்கூட்டியே அனுப்புதல் என அன்றாட வாழ்வின் ஒவ்வொரு செயலுக்கும் ஓர் அறிவுரை பிறந்தது. இவற்றைத் திரையரங்குகளுக்குக் கொண்டு சென்றவை 1946 வரை தகவல் அமைச்சகமும், பின்னர் மத்தியத் தகவல் அலுவலகமும் எடுப்பித்த குறும்படங்கள். பரப்புரை வரலாற்றின் துணுக்குகளாகவே இவை பெரும்பாலும் கருதப்படுகின்றன. இவற்றின் நகைச்சுவையோ கசப்பு மருந்தின் மேல் தடவிய தேன் என்ற அளவில் விளக்கப்பட்டுவிடுகிறது. ரிச்சர்ட் மாசிங்ஹாமின் (1898-1953) படங்களுக்கு அவ்விளக்கம் போதாது. அங்கு நகை ஆணையைச் சுமந்து செல்வதோடு அதனோடு வழக்காடவும் செய்கிறது.

மாசிங்ஹாம் மருத்துவர், இலண்டன் காய்ச்சல் மருத்துவமனையில் பணியாற்றியவர். பயிற்சி பெறாத ஆர்வலராகத் திரைப்படத்துக்கு வந்து, 1934-இல் எடுத்த 'டெல் மீ இஃப் இட் ஹர்ட்ஸ்' எனும் படத்தில் பல் மருத்துவரிடம் செல்லும் ஒருவனின் துன்பத்தைச் சித்திரித்தார். மருத்துவர் ஒருவர் எடுத்த படம் நோயாளியின் நாற்காலியிலிருந்து உலகைக் காண்கிறது என்பது கருதத்தக்கது. பின்னாளில் அவர் அரசுக்காக எடுத்த படங்களிலும் இவ்விருப்பிடம் மாறவில்லை. 1938-இல் சொந்த நிறுவனம் தொடங்கிய அவர், தம் படங்கள் பலவற்றில் தாமே நடித்தார்: பருத்த உடல், திகைத்த முகம், எதையும் எதிர்க்காத பணிவு.

இப்பணிவே அவரது நகையின் ஊற்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களைக் கூறும். இவற்றுள் மடன் என்பதற்குப் பேராசிரியர் தரும் விளக்கம், பிறர் அறிவுறுத்தக் கொண்டு, கொண்டதை விடாதிருத்தல் என்பதாகும். அறிவுரைப் படங்கள் பெரும்பாலும் பேதைமையை நாடுவன. இருட்டடிப்பு விதியை அலட்சியம் செய்யும் வீட்டுக்காரரைக் காட்டும் 'மிஸ்டர் ப்ரௌட்ஃபுட் ஷோஸ் எ லைட்' (1941) அவ்வகையது. தவறு செய்பவன் நகைக்கப்படுகிறான், விதி தப்பிவிடுகிறது. மாசிங்ஹாமின் மனிதனோ சொன்னதைச் சொன்னபடி செய்பவன். அவன் நகைக்கப்படும்போது, அவன் விடாது பற்றிய அறிவுரைக்கும் அதில் பங்கு கிடைத்துவிடுகிறது.

'தி ஃபைவ் இஞ்ச் பேதர்' (1942) இதற்குத் தக்க சான்று. நீரைச் சூடாக்கும் எரிபொருளைச் சேமிக்கக் குளியல் தொட்டியில் ஐந்து அங்குல நீரே போதும் என்றது அரசு. அரண்மனைத் தொட்டிகளிலும் அவ்வளவுக்கே கோடிடப்பட்டதென்ற செய்தி மன்னரை முன்மாதிரியாக நிறுத்தியது. மாசிங்ஹாம் நிறுத்தியது தம் பருத்த உடலை. ஐந்து அங்குல நீர் அவ்வுடலுக்குப் போதாது என எவரும் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் அவர் குளிக்கிறார், மகிழ்ந்தும் குளிக்கிறார். சட்டத்தின் அளவும் உடலின் அளவும் ஒரே தொட்டியில் வைக்கப்படுகின்றன. காண்போர் சிரித்தபின் குழாயை மூடியிருக்கலாம். மூடும்போது தம் இழப்பையும் அறிந்தே மூடியிருப்பர்.

'காஃப்ஸ் அண்ட் ஸ்னீசஸ்' (1945) ஓரிரு நிமிடமே ஓடுவது. பிறருக்குத் தொல்லை தரும் குறும்பர்களை முதலில் காட்டி, வாயை மூடாது தும்முபவன் அவர்களினும் கொடியவன் என்று கூறும் வருணனைக் குரல், அவனைப் பிடித்து நிறுத்திக் கைக்குட்டையைப் பயன்படுத்தப் படைவீரனைப் போலப் பழக்குகிறது. அக்குரலுக்கு முகம் இல்லை. முகமும் மூக்கும் அல்லலும் அனைத்தும் பழக்கப்படுபவனுக்கே உரியவை. ஆகவே காண்போரின் மனம் அவன் பக்கமே சாய்கிறது. அறிவுரை சரியானதுதான், ஆனால் அறிவுறுத்தும் குரல் மிகையானது என்ற இரண்டையும் ஒருங்கே உணர்த்துவது எளிய கலையன்று.

ஹலாஸ், பேச்சலர் இணையர் உருவாக்கிய 'சார்லி' கேலிச்சித்திரப் படங்களோடு ஒப்பிட இது மேலும் தெளிவுறும். 1948-இல் தேசிய நலவாழ்வுத் திட்டத்தை விளக்கிய படத்தில் சார்லி ஐயங்களை எழுப்புகிறான், குரல் விடையளிக்கிறது, அவன் உடன்படுகிறான். பேசும் உரிமை பெற்ற சார்லி ஒவ்வொரு முறையும் தோற்கிறான். திறமையான படங்களே எனினும், அவற்றின் வாதத்தில் முடிவு முன்னரே எழுதப்பட்டுவிட்டது. காட்சி முறையும் இங்கு நோக்கத்தக்கது. பிரித்தானியத் திரையரங்குகள் உடன்பாட்டின் பேரில் அரசுப் படங்களைத் திரையிட்டன. அதே போரின்போது இந்தியாவில் 1943-இல் தொடங்கப்பட்ட இன்ஃபர்மேஷன் பிலிம்ஸ் ஆஃப் இந்தியாவின் படங்களுக்கோ ஆணையின் வலிமை இருந்தது. காட்டியே தீரவேண்டிய படம், காண்போரைச் சிரிக்கவைக்க வேண்டிய கட்டாயத்திலிருந்து விடுபட்டுவிடுகிறது.

வழக்காடும் நகை தன் எல்லையைத் தொட்ட படம் 'வாட் எ லைஃப்!' 1940-களின் இறுதியில் எடுக்கப்பட்டது. போர் முடிந்தும் தட்டுப்பாடு முடியவில்லை. போரின்போது இல்லாத ரொட்டிப் பங்கீடு 1946 முதல் 1948 வரை நடைமுறையில் இருந்தது. நாட்டின் நிலை கண்டு நொந்த இருவர் நீரில் மூழ்கி உயிர்விடத் துணிகின்றனர். நீரோ மூழ்கும் ஆழம் இல்லை. நின்றபடியே இருவரும் நகைக்கத் தொடங்குகின்றனர். எள்ளலைத் தான் பிறரை எள்ளுதல், பிறரால் தான் எள்ளப்பட்டவழி நகுதல் எனப் பேராசிரியர் இரண்டாக்குவார். இங்கு எள்ளுவது அக்காலமே, எள்ளப்பட்டவர் நகுகின்றனர். அரசு அலுவலகம் எடுப்பித்த இப்படம் நாடாளுமன்றத்தில் கண்டனத்துக்குள்ளானதில் வியப்பில்லை. குளியல் படமும் தும்மல் படமும் எவ்வளவு எள்ளினும் இறுதியில் ஒரு செயலை வேண்டின. இப்படம் காண்போரிடம் செய்யச் சொல்வது எதுவும் இல்லை. குழாயை மூடச் சொல்லவில்லை, கைக்குட்டையை எடுக்கச் சொல்லவில்லை, அரசை நம்பச் சொல்லவும் இல்லை.