நிகழ்த்துகையும் இயற்றுகையும்

ஃபிராங்க் ஸாப்பா (1940-1993) என்னும் அமெரிக்க இசையமைப்பாளர் 1986-இல் வெளியிட்ட 'ஜாஸ் ஃப்ரம் ஹெல்' என்னும் இசைத்தட்டு 1988-இல் கிராமி விருது பெற்றது. தலைப்பைக் கண்டு வாசகர் மருள வேண்டுவதில்லை. நாம் ஆராயப் புகுவது விருதின் பெயரையே. அது ராக் கருவியிசையில் சிறந்த 'நிகழ்த்துகை'க்கு உரிய விருது. ஆனால் அத்தட்டின் எட்டு உருப்படிகளுள் ஏழு, சின்கிளேவியர் என்னும் கணிப்பொறிக் கருவியின் நினைவகத்தில் சுரங்களைப் பதித்து, திருத்தி அமைக்கப்பட்டவை. எஞ்சிய ஒன்றே மேடையில் வாசிக்கப்பட்ட கிட்டார் இசை. அவ்வேழையும் நிகழ்த்துகை எனல் தகுமோ?

இக்கருவி தானே ஒலிகளை உண்டாக்கும். பிறர் வாசித்த ஒலிகளைப் பதிந்துவைத்துத் திரும்ப ஒலிக்கவும் செய்யும். இவ்வாறு பதிந்தவற்றை ஒலிமாதிரிகள் என்கிறோம். இயற்றுபவர் ஒவ்வொரு சுரத்தின் நீளத்தையும் வன்மையையும் தாமே வரையறுக்கிறார்.

தகும் என்போரின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. குழலார்கனும் ஓர் இயந்திரமே. அதை வாசிப்பவரின் மூச்சு அதனுள் செல்வதில்லை. மேலும், ஏட்டில் எழுதப்படாத நுண்மைகளைத் தீர்மானிப்பதே வாசிப்பவரின் பணி. அப்பணியை ஸாப்பா பன்மடங்கு கவனத்துடன் செய்தார். 1983-இல் லண்டன் சிம்பனி இசைக்குழுவைக் கொண்டு தம் படைப்புகளைப் பதிவுசெய்தபோது நேர்ந்த பிழைகள் அவருக்கு மனக்குறையாயின என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

எனினும் இவ்வாதம் ஒன்றை மறந்துவிடுகிறது. நிகழ்த்துபவரின் தீர்மானம் ஓடும் காலத்துக்குள் எடுக்கப்படுவது. எடுத்தபின் மீட்க இயலாதது. எழுதி முடித்த பிரசங்கம் வேறு, சபைமுன் நின்று உரைக்கும் பிரசங்கம் வேறு என்பதை இவ்விதழின் வாசகர் நன்கறிவர்.

அத்தட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. அதன் மிக விரைவான உருப்படியை மனிதர் வாசிப்பது அரிது எனக் கருதப்பட்டது. ஆயினும் 1992-இல் ஜெர்மனியின் என்சாம்பிள் மாடர்ன் குழுவினர் அதை மேடையில் வாசித்தனர். அப்பதிவு 1993-இல் 'தி யெல்லோ ஷார்க்' தட்டில் வெளிவந்தது. முன்னதில் சுரங்கள் கோத்த மணிகள்போல் ஒரே தெளிவுடன் விழுகின்றன. சோர்வும் இல்லை, தயக்கமும் இல்லை. பின்னதில் ஊதுவோரின் மூச்சும், ஒருவர் மற்றவரைச் செவிமடுத்து விரையும் முயற்சியும் கேட்கின்றன. இயற்றப்பட்ட இசை ஒன்றே. நிகழ்த்துகையோ பின்னதில்தான் உண்டு.

கண்ணுக்குத் தோன்றும் அசைவும் இதனைத் தீர்மானிக்காது. ஒத்திகைக்கு நேரமில்லாத ஒரு குழுவினர் சின்கிளேவியர் பதிவு ஒலிக்க, வாசிப்பதுபோல் நடித்ததையும், அது கண்டுகொள்ளப்படாததையும் ஸாப்பா தம் வாழ்க்கை நூலில் (1989) கூறுகிறார். அங்கே அசைவு இருந்தது, வாசிப்பு இல்லை. இதற்கு மாறாக, ஒலிமாதிரிகளையே விசைப்பலகையில் ஒருவர் அவையின்முன் வாசிப்பாராயின் அது நிகழ்த்துகையே. ஆகவே ஒலியின் பிறப்பிடத்தைக் கொண்டு நாம் தீர்ப்பளிக்கலாகாது.

இன்னுமொரு சாராரை மறத்தல் நீதியன்று. ஒலிமாதிரி ஒவ்வொன்றுக்கும் பின்னே வில்லை இழுத்த கையோ, குழலை ஊதிய வாயோ உண்டு. தாம் தந்த சுரம் எவ்விசையில் சேரும் என்பதை அவர்கள் அறியார். எனவே அவ்விசையை நிகழ்த்தியவர்களும் ஆகார். ஆயினும் அவர்களது பயிற்சியின் பயன் அதில் ஒலிக்கிறது.

ஸாப்பாவின் ஏழு உருப்படிகளும் இயற்றுகையின் உயர்ந்த செயல். நிகழ்த்துகை அன்று என்பது நமது துணிபு. இது அவற்றைத் தாழ்த்துவதன்று. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால், வாசிப்போரின் உழைப்பு தேவையற்றது என்னும் எண்ணம் நாளடைவில் வேரூன்றிவிடும். இத்தகைய இசையை வெளியிடுவோர், இயற்றியவர் பெயருடன் ஒலிமாதிரிகளுக்காக வாசித்தோரின் பெயர்களையும் அச்சிடுவார்களாக.