கூரை விளக்கு

கிளிநொச்சியில் ஏ-9 வீதியோரக் கராஜ் ஒன்றில் பழைய காரின் கூரை விளக்குக்குக் குமிழ் மாற்றுவதைப் பார்க்க எனக்கு அலுப்பதேயில்லை. மூடியைக் கழற்றும்போதே கைப்பக்குவம் தெரிந்துவிடும். வெயிலில் காய்ந்த பிளாஸ்ரிக், அவசரப்பட்டால் வெடித்துவிடும். ஸ்குறூட்றைவர் நுனியில் துணி சுற்றி ஓரத்தில் மெல்ல நெம்புவார்கள். டிக்கென்று விடுபட, உள்ளே தங்கியிருந்த செம்மண் புழுதி உள்ளங்கையில் உதிரும்.

இரு முனையும் கூம்பிய, விரல் கணு அளவுக் குமிழ். 12 வோல்ற், 5 வாற்றுத்தான். காதருகே ஆட்டினால் அறுந்த இழை கண்ணாடியில் கிணுகிணுக்கும். புதியதைப் போட முன், கவ்விகளில் படிந்த களிம்பை அரத்தாளால் தேய்த்து, அவற்றைச் சற்றே உள்ளே வளைத்துவிடுவார் மெக்கானிக். அந்தப் பொறுமைதான் எனக்குப் பிடித்தது. அதைச் செய்யாவிட்டால் கிறவல் ரோட்டின் முதல் குலுக்கலிலேயே விளக்குச் சிமிட்டும். "தம்பி, கதவைச் சாத்தித் திறந்து பாரும்" என்பார். எரியாவிட்டால் கதவு நிலையிலுள்ள சிறு பொத்தானின் துருவையும் சுரண்டிவிடுவார். இப்போது வெள்ளை எல்ஈடி மலிந்துவிட்டது. பற்றறிக்கு நல்லது, சூடும் குறைவு. ஆனாலும் இரவில் சில்லறை எண்ணவும் பிள்ளையின் செருப்பைத் தேடவும் மஞ்சள் வெளிச்சந்தான் கண்ணுக்கு இதம்.