3,000 கோடி மிச்சம்: ஒரு கணக்கும் ஒரு வெற்றியும்

கேரளத்தின் வண்டிப்பெரியாரில் தோட்டத்து லயத்திலிருந்து பள்ளிக்கு வரும் பிள்ளை கணினியைப் போட்டால் வருவது விண்டோஸ் அல்ல. உபுண்டுவை எடுத்து, பாடத்திட்டத்துக்குத் தக்கபடி கேரள அரசின் கைட் நிறுவனம் மாற்றிக் கொடுத்த லினக்ஸ். பிறர் எழுதிய மென்பொருளை மறுபயன்பாட்டுக்குக் கொண்டுவருவதில் நமக்குப் பக்கத்தில் நடந்த பெரிய சோதனை இது.

அந்த லினக்ஸின் 18.04 பதிப்பை ஒட்டி 2019இல் கைட் ஒரு கணக்குச் சொன்னது. 2 லட்சம் கணினி, ஒன்றுக்கு மென்பொருள் உரிமத்துக்குக் குறைந்தது ஒன்றரை லட்சம் ரூபாய், ஆக 3,000 கோடி மிச்சம். பெருக்கல் சரிதான். ஆனால் கணினி ஒன்றுக்கு ஒன்றரை லட்சத்துக்கு மென்பொருள் வாங்க எந்த நிதித்துறை கையெழுத்துப் போடும்? வாங்கியே இருக்க மாட்டாத சரக்கின் விலை மிச்சமாகாது. ஆசிரியர் பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் ஆகிற செலவுக்கு அந்தப் பெருக்கலில் இடமே இல்லை.

கணக்கு பிசகு என்பதால் திட்டமும் பிசகு என்றாகிவிடாது. எழுதிய நிரலை உதிரிபாகம்போல எடுத்துக் கோக்க வேண்டும் என்று கணினியியலாளர் டக்ளஸ் மெக்கில்ராய் 1968லேயே சொல்லிவிட்டார். அதைக் கேட்டு நிரல் கிடங்கு திறந்த நிறுவனங்கள் ஏராளம். கிடங்குக்கு ஆள் வராததுதான் பாடு. கைட் கிடங்கு வைக்கவில்லை. கணித மென்பொருளான ஜியோஜீப்ராவைப் பாடப்புத்தகத்துக்குள்ளேயே வைத்தது. பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வையும் அதே லினக்ஸில் நடத்தியது. ஆசிரியர் தடுமாறினால் கேட்க மாவட்டந்தோறும் பயிற்றுநர்கள் இருந்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வேண்டிய தமிழ் விசைப்பலகையோ உபுண்டுவோடு சேர்ந்தே வந்தது. திருவனந்தபுரத்தில் யாரும் உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கவில்லை.

எடுத்ததைச் சோதிக்கும் பொறுப்பை நிறைவேற்றாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1996இல் வெடித்த ஏரியன் 5 ராக்கெட் சாட்சி. அதில் எடுத்துப் போட்ட ஏரியன் 4இன் நிரல் பழைய ராக்கெட்டுக்குப் பொருந்தியது, புதியதன் வேகத்துக்குப் பொருந்தவில்லை. கைட்டில் அந்தப் பொறுப்புக்கு ஒரு குழு இருக்கிறது. என் பார்வையில் வெற்றியின் முக்கால் பங்கு அதனுடையது.

குறை, பாடத்தோடு போட்ட அதே முடிச்சில் இருக்கிறது. 14.04, 18.04, 22.04 என்று பதிப்பு மாறும்போதெல்லாம் பாடமும் பயிற்சியும் கூடவே நகர வேண்டும். ஆனாலும், வெற்றி என்றே தீர்ப்பு எழுதுவேன், 3,000 கோடியை அடித்துவிட்டு. தேர்வு வைத்துக் கட்டாயப்படுத்த வழியில்லாத கம்பெனிகள் இங்கே பார்த்து எடுத்துக்கொள்ளத்தக்கது அந்தப் பராமரிப்புக் குழுவைத்தான்.