ஓநாயின் தலைக்கு விலை: வேட்டை அறம் குறித்துச் சில குறிப்புகள்

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். தமிழில் ஓநாய்க்குக் கிடைத்திருக்கும் இடம் ஏறக்குறைய இவ்வளவுதான். நரிக்காவது தந்திரம் என்றொரு மரியாதை உண்டு. புலிக்கு வீரம். ஓநாய்க்கு வஞ்சகமும் பசியும் மட்டும். 'ஏகாதிபத்திய ஓநாய்கள்', 'கந்துவட்டி ஓநாய்கள்' என்று நம் துண்டறிக்கைகளிலும் மேடைகளிலும் அது ஓயாமல் வந்துபோகிறது. இந்தப் பக்கங்களை வாசிக்கிறவர்களில் பாதிப்பேராவது இப்படி எழுதியிருப்பார்கள். எழுதியவர்களில் எத்தனை பேர் ஓநாயைப் பார்த்திருக்கிறார்கள் என்று கேட்டால் கூட்டம் கலைந்துவிடும்.

பழமொழியைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். அதில் ஓநாய் ஆட்டைத் தின்னவில்லை. வெறுமனே அழுகிறது. தின்றாலும் குற்றம், அழுதாலும் குற்றம். செய்த காரியத்துக்காக அல்ல, பிறந்த பிறப்புக்காகவே தண்டிக்கப்படும் ஓர் உயிரை மொழி முன்கூட்டியே தயார் செய்து வைத்திருக்கிறது. வேட்டை துப்பாக்கியில் தொடங்குவதில்லை, பெயரிடுவதில் தொடங்குகிறது என்று சொன்னால், 'இதுவும் ஒரு சொல்லாடல் ஆய்வா?' என்று நண்பர்கள் சிரிப்பார்கள். சரி, கணக்கைப் பார்ப்போம்.

1875 முதல் 1925 வரையிலான ஐம்பது ஆண்டுகளில் பிரிட்டிஷ் இந்தியாவில் பரிசுப்பணம் வைத்துக் கொல்லப்பட்ட விலங்குகளைச் சுற்றுச்சூழல் வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன் தொகுத்திருக்கிறார். புலி 80,000க்கு மேல், சிறுத்தை 1,50,000க்கு மேல், ஓநாய் 2,00,000. கொன்றதற்கு அத்தாட்சி காட்டினால் சர்க்கார் காசு கொடுக்கும். காட்டை வெட்டி, மேய்ச்சல் வெளியை உழவுக்குக் கொண்டுவந்து, வரி வசூலிக்க வேண்டிய அரசுக்கு இந்த விலங்குகள் ஒரு வருவாய்ப் பிரச்சினை. அதற்கு அவர்கள் வைத்த பெயர் வெர்மின். எலி, கரப்பான் வகையறா. அழிப்பதற்கென்றே ஆன உயிர். 1871இல் இதே அரசு குற்றப்பரம்பரைச் சட்டத்தையும் கொண்டுவந்தது. அங்கேயும் தனியாள் செய்த குற்றம் முக்கியமில்லை, வகைதான் முக்கியம். இரண்டுக்கும் ஒரே மூளை.

இனி தருமபுரிக்கு வருவோம். சேலம் மாவட்டத்திலிருந்து 1965இல் பிரிந்து, 2004இல் கிருஷ்ணகிரியைப் பிரித்துக் கொடுத்துவிட்ட இந்த மாவட்டம், வேட்டை இலக்கியத்தின் உலக வரைபடத்தில் ஏற்கெனவே இருக்கிறது. கென்னத் ஆண்டர்சனின் முதல் நூல் 1954இல் வந்தது. ஜவளகிரி, கும்ளாபுரம், பென்னாகரத்தை ஒட்டிய முண்டச்சிபள்ளம் எல்லாம் ஆட்கொல்லிகளின் பெயரோடு சேர்ந்து ஆங்கில வாசகனுக்குப் பழக்கமான ஊர்களாயின. சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் நன்றாகத்தான் எழுதுகிறார். இரவில் காடு எப்படிச் சத்தம் போடும் என்பதை அவரளவுக்குக் கேட்டு எழுதியவர்கள் நம்மிடம் குறைவு. கடைசிக் காலத்தில் துப்பாக்கியை விட்டுக் கேமராவின் பக்கம் சாய்ந்தவரும்கூட.

ஆனால் அந்த எடுத்துரைப்பின் அடியில் ஓடும் அறம் என்ன? வேட்டை என்பது தனிப்பட்ட இருவர் மோதிக்கொள்வது. எதிரே நிற்கும் புலிக்கு ஒரு வரலாறு கொடுக்கப்படுகிறது. அது ஏன் ஆட்கொல்லி ஆனது, எந்தக் காலில் காயம், எந்த வழியில் நடக்கும் என்றெல்லாம். அதனால்தான் அது சாகும்போது வாசகனுக்கு ஒரு துக்கமும் வருகிறது. அவருடைய பெயர்பெற்ற கதைகளின் நாயகர்கள் புலி, சிறுத்தை, யானை, கரடி. புலிக்குக் கதை கிடைத்தது, ஓநாய்க்குக் கணக்குதான் கிடைத்தது. இரண்டு லட்சத்தில் ஒன்றுக்குக்கூட ஊர்ப்பெயர் இல்லை. நாயை ஒத்த ஒன்றைக் கொல்வதில் என்ன கௌரவம் இருக்கிறது?

கதையில் இன்னொருவர் இருக்கிறார். பைரா என்ற பூசாரி. காட்டைக் கையில் வைத்திருப்பவர், வழி காட்டுபவர், தடம் படிப்பவர். ஆண்டர்சனுக்கு அவர்மேல் உண்மையான பிரியம் உண்டு. ஆனால் அதே காட்டில் அதே மானைச் சுட்டால் வெள்ளைக்காரர் 'ஸ்போர்ட்ஸ்மேன்', பைரா 'போச்சர்'. லைசென்ஸ் என்ற ஒரு துண்டுக் காகிதம்தான் நடுவே இருக்கிறது. பசிக்காகக் கொல்வது இழிவு, பொழுதுபோக்காகக் கொல்வது அறம் என்று மாற்றிப் போட்டது எப்படி நடந்தது என்பதுதான் நம் விமர்சகர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நாமோ ஆண்டர்சனை ரசிப்பதா, ஏகாதிபத்தியவாதி என்று ஒதுக்குவதா என்பதோடு நின்றுவிட்டோம்.

இத்தாலியச் சிந்தனையாளர் ஜார்ஜோ அகம்பென் 1995இல் எழுதிய 'ஹோமோ சாக்கர்' நூலில் பழைய ஆங்கிலேய, ஜெர்மானியச் சட்ட மரபுகளில் வரும் 'ஓநாய்த் தலை' என்ற கருத்தைப் பேசுகிறார். ஊரால் விலக்கப்பட்டவன் ஓநாய்த் தலையைச் சுமப்பவன். அவனை யார் வேண்டுமானாலும் கொல்லலாம், கொன்றவன் மேல் கொலைக் குற்றம் இல்லை. ஐரோப்பியச் சரக்கு என்று தள்ளிவிட முடியாது. 1992 ஜூன் 20 அன்று அரூர் வட்டம் வாச்சாத்திக்குள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் நுழைந்தபோது அந்த ஊர் மலைவாழ் மக்கள் தலையில் வைக்கப்பட்டிருந்தது அதுதான். 'சந்தனக் கடத்தல்காரர்கள்' என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. பதினெட்டுப் பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன. கால்நடைகள் கொல்லப்பட்டன. 2011இல் தருமபுரி நீதிமன்றம் உயிரோடிருந்த குற்றவாளிகள் 215 பேருக்கும் தண்டனை கொடுத்தது. 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தோரு வருஷம் ஆயிற்று.

ஓநாயும் வாச்சாத்திப் பெண்ணும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது இன்னோர் அவமானம். கொல்லத்தக்கது என்று ஒரு வகையை முத்திரை குத்தும் அதிகாரம், விலங்கின் மேல் பழகிய கையால் மனிதர் மேலும் அதையே செய்கிறது. அவ்வளவுதான் சொல்ல வந்தது.

இந்த இடத்தில் விலங்குநேயர்கள் கைதட்டத் தயாராக இருப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். 1996இல் கிழக்கு உத்தரப் பிரதேசத்தில் ஓநாய்கள் குழந்தைகளைத் தூக்கின. அதை ஆராய்ந்து மறுவருஷம் எழுதிய ஒய்.வி. ஜாலாவும் தினேஷ் குமார் சர்மாவும் கொல்லப்பட்டும் படுகாயமடைந்தும் போன குழந்தைகள் எழுபதுக்கு மேல் என்கிறார்கள். 2024இல் பஹ்ராயிச் மாவட்டத்தில் மறுபடியும் நடந்தது. செத்தவை யார் வீட்டுக் குழந்தைகள்? கதவில்லாத வீட்டின், வாசலில் படுத்துறங்கும் வீட்டின் குழந்தைகள். அந்தத் தாயிடம் போய் உயிர்ச்சமநிலை பற்றி வகுப்பெடுக்கிறவனுக்கு வெட்கமில்லை. குழந்தையைத் தூக்கும் அந்த ஓநாய், பிடிக்க முடியாவிட்டால், கொல்லப்பட வேண்டியதுதான். இதில் எனக்குத் தயக்கம் இல்லை.

'அந்த' ஓநாய் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 1996இல் மனித உருவில் ஓநாய் அலைகிறது என்ற பீதியில் ஊருக்குப் புதிதாக வந்த ஆட்களை ஜனங்கள் அடித்தே கொன்றார்கள். 'அது' என்பது 'எது வேண்டுமானாலும்' என்று ஆகி, கடைசியில் 'எவன் வேண்டுமானாலும்' என்று ஆயிற்று. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்த விஷயத்தில் நம் பழமொழியைவிட மேல் என்று தோன்றுகிறது. ஓநாய் அதன் முதல் அட்டவணையில் இருக்கிறது. பதினோராம் பிரிவின்படி, மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்ட விலங்கைப் பிடிக்கவோ மயக்கவோ இடம் மாற்றவோ முடியாது என்றால் மட்டும், காரணத்தை எழுத்தில் வைத்துக் கொல்ல உத்தரவிடலாம். காரணத்தை எழுது என்கிறது சட்டம். ஓநாய்க்கு முதன்முதலாகக் கிடைத்த கதை அதுதான் போலிருக்கிறது.

ஆனால் சட்டம் ஓநாயைக் காட்டு விலங்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. அது காட்டில் இல்லையே. புல்வெளி, முட்புதர், மேய்ச்சல் புறம்போக்கு, அறுவடை முடிந்த மானாவாரிக் கொல்லை, இவைதான் தீபகற்ப ஓநாயின் இருப்பிடம். வெளிமான் இருந்தவரை அதைத் தின்றது. வெளிமானை நாம் தின்று தீர்த்த பிறகு ஆட்டுப் பட்டிக்கு வந்தது. நாடு முழுக்க மிச்சமிருப்பவை சுமார் 3,000 என்கிறார்கள். தமிழ்நாட்டில் மாயாற்றுப் பக்கம், சத்தியமங்கலம் பக்கம் என்று சொற்பம். தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லையில் 2014இல் காவிரி வடக்கு, 2022இல் காவிரி தெற்கு என்று சரணாலயங்கள் அறிவித்தாயிற்று. நல்லதுதான், யானைக்கு. ஓநாயின் நிலம் வருவாய்த்துறைக் கணக்கில் 'தரிசு'. தரிசு என்றால் யாருக்கும் கொடுக்கலாம். தைல மரம் நடலாம், கல் உடைக்கலாம், தொழிற்பேட்டை போடலாம். ஒரு குண்டும் சுடாமல் ஓநாயை வேட்டையாடும் வழி இது.

அதே தரிசில்தான் மேச்சேரி ஆடும் சேலம் கருப்பு வெள்ளாடும் மேய்கின்றன. ஓநாயையும் ஆட்டுக்காரரையும் எதிரெதிரே நிறுத்தும் இருமை இங்கேதான் உடைகிறது. 1989இல் ராமச்சந்திர குஹா அமெரிக்க ஆழ்சூழலியலை விமர்சித்து எழுதியது நினைவிருக்கும். ஆளில்லாக் காடு என்ற கனவை ஏழை நாட்டில் இறக்கினால் ஏழையைத்தான் வெளியேற்றும் என்பது அவர் வாதத்தின் சாரம். 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் காடுகளில் மேய்ச்சலைத் தடை செய்து, பிறகு அதைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்று சுருக்கியபோது அதுதான் நடந்தது. காட்டிலிருந்து விரட்டப்பட்ட ஆடு எங்கே போகும்? மிச்சமிருக்கும் தரிசுக்கு, ஓநாயின் வாய்க்குப் பக்கத்தில். "பட்டியில ரெண்டு குட்டி போச்சு, காசு யாரு குடுப்பா?" என்று கேட்கிறவர் ஓநாயின் எதிரி இல்லை. இரண்டு பேரும் ஒரே புறம்போக்கை இழந்துகொண்டிருப்பவர்கள். நஷ்ட ஈடு கைக்கு வராத ஊரில் அவர் செத்த ஆட்டில் விஷம் தடவுவார். அதை ஓநாய் மட்டுமா தின்னும்? நரி, கழுதைப்புலி, பாறுக்கழுகு, ஊர் நாய் எல்லாம் சேர்ந்து சாகும்.

கூட்டத்தில் குட்டி போடும் ஜோடியில் ஒன்றைக் கொன்றால் குடும்பமே சிதறும். துணை கிடைக்காத ஓநாய் நாயோடு சேரும். புனே பக்கம் அப்படிப் பிறந்த கலப்பினம் இருப்பதை 2023இல் மரபணுச் சோதனை உறுதி செய்தது. இனம் அழிவதற்கு இப்படியும் ஒரு வழி இருக்கிறது, சத்தமே இல்லாமல்.

வெர்மின் என்ற சொல்லும் சாகவில்லை. மத்திய அரசு 2015 டிசம்பரில் பீகாரில் நீலமானையும் 2016இல் உத்தரகண்டில் காட்டுப்பன்றியையும் அப்படி அறிவித்தது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு காட்டுப்பன்றிக்குக் கோடு கிழித்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது, ஒன்றிலிருந்து மூன்று வரை பிடிக்கலாம், மூன்றைத் தாண்டினால் வனத்துறை சுடலாம். கடலையும் மரவள்ளியும் பறிகொடுத்த விவசாயியின் கோபம் பொய்யில்லை. ஆனால் இங்கே 'அந்தப் பன்றி' இல்லை, தூரம்தான் இருக்கிறது. காரணம் எழுதும் இடத்தில் கிலோமீட்டர் வந்து உட்கார்ந்துகொண்டது. பன்றிக்குட்டியைத் தின்னும் சிறுத்தையையும் செந்நாயையும் நூறு வருஷம் காசு கொடுத்துக் கொன்றது இதே அரசு எந்திரம்தான் என்பதை யாரும் சட்டமன்றத்தில் எழுப்பியதாகத் தெரியவில்லை.

அரசு உத்தரவுக்குக் காத்திராமல் நடப்பது வேறு. அவுட்டுக்காயும் சுருக்குக் கம்பியும் திருட்டு மின்சாரமும். இவற்றுக்கு முகம் கிடையாது, ஆண்டர்சனின் இருவர் மோதலும் கிடையாது. வைத்தவன் வீட்டில் தூங்குவான், எது வந்து மிதிக்கிறதோ அது சாகும். 2023 மார்ச்சில் பாலக்கோடு வட்டம் மாரண்டஹள்ளி அருகே மூன்று பெண் யானைகள் ஒரு கொல்லையின் மின்கம்பியில் பட்டுச் செத்தன. இரண்டு குட்டிகள் பிழைத்துத் தாய்களின் உடலைச் சுற்றிச் சுற்றி வந்தன. கம்பி கட்டியது பன்றிக்காக.