பெட்டிக்குள் அடங்காத டாங்கி

கல்வராயன் மலையைப் பள்ளிக் கண்காட்சிக்காகக் களிமண்ணில் செய்ய முற்படும் மாணவர் முதலில் ஒரு சிக்கலைச் சந்திப்பார். 1:50,000 அளவுள்ள நிலப்படத்தின்படி செய்தால், ஆயிரம் மீட்டர் உயரம் இரண்டே சென்டிமீட்டராகக் குறுகிவிடும். மலை மேடாகத்தான் தெரியும். ஆகவே உயரத்தை மட்டும் இரண்டு மூன்று மடங்கு கூட்டி, அதனை ஓர் அட்டையில் எழுதி வைப்பார். மாற்றியது இன்னது என்று கூறிவிடுவதால் அது நேர்மையான மாதிரியாகிறது. இதே உரைகல்லில் பிளாஸ்டிக் டாங்கி மாதிரிகளையும் உரசிப் பார்ப்போம்.

கடைகளில் விற்கும் இப்பெட்டிகளைத் திறந்தால், சட்டங்களில் கோத்தாற்போல் நூற்றுக்கணக்கான உறுப்புகள் காணப்படும். பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கை உருக்கி, எஃகு அச்சினுள் மிகுந்த அழுத்தத்தில் செலுத்தி இவற்றை வார்க்கின்றனர். ஒட்டுவதற்குரிய திரவம் சாதாரணப் பசையன்று. அது இரு பரப்புகளையும் சற்றே கரைத்து ஒன்றாக்குகிறது; பின்னர் கரைப்பான் ஆவியாகிவிடுகிறது. சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே இவ்வேலையைச் செய்ய வேண்டும்.

இவற்றில் பெரிதும் வழங்குவது 1:35 என்னும் அளவு. இது எவ்வாறு வந்தது? ஜப்பானின் தமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் பாந்தர் டாங்கியின் மாதிரியை வெளியிட்டது. உள்ளே மின்கலங்களும் மோட்டாரும் அடங்க வேண்டும் என்பதற்கேற்ப அதன் பருமன் அமைந்தது. பிறகு கணக்கிட்டுப் பார்த்தபோது விகிதம் ஏறத்தாழ 1:35 என வந்தது. ஆக, உலகெங்கும் பரவிய ஓர் அளவை முடிவு செய்தது டாங்கியன்று, மின்கலம்!

வடிவத்தைப் பொறுத்தவரை இம்மாதிரிகள் பாராட்டுக்குரியவை. சென்னையை அடுத்த ஆவடியில், கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965 முதல் உருவான விஜயந்தா டாங்கியை எடுத்துக்கொள்வோம். அதன் அகலம் ஏறத்தாழ 3.17 மீட்டர், 1:35 மாதிரியில் அது 9 சென்டிமீட்டர். சுழல்மேடை, பீரங்கி, சக்கர வரிசை ஆகியவற்றின் ஒப்புமையைக் கண்ணால் அறிய இதைவிட நல்ல வழி கிடையாது.

ஆனால் எடைக்கு வரும்போது கதை மாறுகிறது. நீளம் 35 மடங்கு குறைந்தால் பரப்பு 1,225 மடங்கும், கன அளவு 42,875 மடங்கும் குறையும். விஜயந்தாவின் எடை சுமார் 39 டன். அதே உலோகங்களால் 1:35 அளவில் செய்தாலும் எடை 910 கிராம்தான். எடை இவ்வளவு குறைய, அதைத் தாங்கும் சங்கிலிப் பட்டையின் பரப்போ அந்த அளவு குறைவதில்லை. ஆகவே தரையின் மீதுள்ள அழுத்தம் 35இல் ஒரு பங்காகிவிடுகிறது. உள்ளீடற்ற பிளாஸ்டிக் மாதிரியில் இன்னும் குறைவு. உண்மை டாங்கி புதையும் சேற்றின் மேல் இந்த மாதிரி சுகமாக உட்கார்ந்திருக்கும்!

இது வெறும் கணக்கு விளையாட்டன்று. 1965 செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தர் போரில், நம் படையினர் வயல்களில் நீரைப் பாய்ச்சினர். நாற்பது டன்னுக்கு மேற்பட்ட பாட்டன் டாங்கிகள் அச்சேற்றில் சிக்கித் தடுமாறின. கரும்புக் கொல்லைகளில் மறைந்திருந்த நம் டாங்கிகள் அவற்றைத் தாக்கின. கரும்பு விளையும் கள்ளக்குறிச்சி வட்டாரத்து வாசகருக்கு இதனை விளக்கத் தேவையில்லை. நீர் பாய்ந்த கொல்லையில் சுமை ஏற்றிய டிராக்டர் என்ன பாடுபடும் என்பதை அவர் அறிவார். ஆயினும் இந்தப் பாடத்தை எந்த மாதிரிப் பெட்டியும் கற்பிப்பதில்லை. சேற்றைப் போல வண்ணம் பூசக் கற்பிக்கிறது; சேறு ஏன் டாங்கியை விழுங்குகிறது என்று கூறுவதில்லை.

இன்னொரு குறையும் உண்டு. விஜயந்தாவினுள் நால்வர் நெருக்கியடித்துக்கொண்டு அமர வேண்டும். வெப்பம், இரைச்சல், குண்டு பாயும் அச்சம் அனைத்தும் அவர்களுக்கே. பெரும்பாலான மாதிரிகளின் உள்ளே வெற்றிடமே இருக்கிறது. போர்க்கருவி அழகுப் பொருளாகிவிடுவது இப்படித்தான்.

கள்ளக்குறிச்சி மரச் சிற்பங்களுக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சிற்ப மரபில் முகத்தின் நீளத்தை ஒரு தாளமாகக் கொண்டு, உருவம் முழுவதையும் பகுக்கின்றனர். அளவைக் கணக்கிட்ட பின்னரே உளி மரத்தில் இறங்குகிறது. பெட்டி மாதிரியில் அளவெடுக்கும் வேலையை யாரோ முன்பே முடித்துவிடுகிறார்கள். நமக்கு மிஞ்சுவது ஒட்டும் வேலையே.

எனவே விலை கொடுத்து வாங்க இயன்றவர்கள் வாங்கலாம். கைத்திறனும் பொறுமையும் வளரும். வாங்க இயலாதவர்கள் இழப்பது அதிகமில்லை. ஊரிலுள்ள டிராக்டரை நாடாவால் அளந்து, 35ஆல் வகுத்து, மரத்திலோ அட்டையிலோ செய்து பாருங்கள். இருவருமே ஓர் அட்டையை எழுதி அருகில் வைக்க வேண்டும்: "வடிவம் சரி, எடையும் அழுத்தமும் சரியல்ல." அறிவியல் அந்த அட்டையில்தான் தொடங்குகிறது.