காற்றுக்கு ஒளித்து உழக்கிய சைக்கிள்

தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம் தொடங்கிவிட்டால், எங்கள் தீவை யாழ்ப்பாணத்தோடு இணைக்கும் பண்ணைப் பாலத்தில் சைக்கிள் ஓடுவது ஒரு தண்டனை. இரண்டு பக்கமும் கடல். மறைப்புக்கு ஒரு பனைகூட இல்லை. யாழ்ப்பாணம் போகையில் முதுகில் தள்ளிவிடும் அதே காற்று, ஊர்காவற்றுறைக்குத் திரும்புகையில் நெஞ்சில் கைவைத்துத் தடுக்கும். சலரோகத்துக்கு நாளுக்கு 40 நிமிடம் உழக்கச் சொல்லியிருந்தார் வைத்தியர். வைகாசியில் நான் நிறுத்திவிட்டதை ரொறன்ரோவில் இருக்கும் மச்சானிடம் சொன்னேன். "என்னட்டை ஒரு ட்ரெய்னர் சும்மா கிடக்கு. சாமான் பெட்டிக்குள்ள போட்டு விடுறன்" என்றான்.

சைக்கிளை நிற்கும் இடத்திலேயே வைத்து ஓட்டும் சாதனம் எங்களுக்குப் புதிதல்ல. 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றபின் வளர்ந்தவர்கள் நாங்கள். பின்சில்லு நிலத்தில் படாமல் ஸ்டாண்டில் நிறுத்தி, டைனமோவை ரயரில் உரசவிட்டு, ஒருவர் பெடலைச் சுற்ற மற்றவர்கள் ரேடியோவில் செய்தி கேட்டோம். சுற்றுகிறவன் களைத்தால் செய்தியும் இழுபடும். பின்ரயரில் ஓர் உருளை உரசும் ட்ரெய்னரும் அடிப்படையில் அதுதான். அன்று வியர்வைக்குச் செய்தி கிடைத்தது. இன்று வியர்வைதான் வேண்டும்.

மச்சான் அனுப்பியது திரவ வகை. உருளையோடு சேர்ந்த அடைத்த பெட்டிக்குள் எண்ணெய் இருக்கிறது, அதற்குள் ஒரு விசிறி சுழல்கிறது. வேகம் கூடக் கூட எண்ணெய் இறுகியது போல எதிர்க்கும். மின்சாரம் தேவையில்லை. பெட்டியைப் பிரித்ததும் முற்றத்தில் பூட்டப் பார்த்தேன், முடியவில்லை. எங்கள் 28 அங்குலச் சைக்கிளின் பின் அச்சில் ஸ்டாண்ட், கரியர் கம்பி, மட்காட் கம்பி எல்லாம் ஒரே நட்டில் குடியிருக்கின்றன. ட்ரெய்னரின் இரண்டு பிடிகளும் கௌவ வேண்டியது அந்த இடத்தைத்தான். சந்தியில் சைக்கிள் திருத்தும் அண்ணையிடம் கொண்டுபோனேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "தம்பி, ஸ்டாண்டைக் கழட்டாமல் இது பிடிக்காது. நட்டையும் மாத்த வேணும்" என்றார். நீளமான தலையுள்ள இரண்டு நட் போட்டுத் தந்தார். அவற்றில்தான் பிடி உட்கார்ந்தது. வெளிநாட்டில் விற்கும் பெரும்பாலான ட்ரெய்னர்கள் நெம்பினால் கழலும் மெல்லிய அச்சுக்காகச் செய்தவை. இங்கே வாங்குகிறவர் முதலில் பார்க்கவேண்டியது விலையை அல்ல, தன் சைக்கிளின் பின் அச்சை.

எங்கள் சைக்கிளோடு பொருந்தாது என்பதால்தான் பெரிதாகப் புகழப்படும் நேரடி இணைப்பு வகையை நம்மில் பலர் மறந்துவிடலாம். அதில் பின்சில்லையே கழற்றி, செயினை ட்ரெய்னரின் பல்லுச் சக்கரத்தில் நேரே மாட்ட வேண்டும். சத்தம் குறைவு, ரயர் தேய்வதில்லை, உழக்கும் வலுவை அளப்பதும் சரியாக இருக்கும். இந்த வகையைச் சேர்ந்த வாஹூ கிக்கர் கோர் 16 வீத ஏற்றம் வரை காட்டும், எடை 18 கிலோ. ஆனால் ஒற்றைக் கியர் சைக்கிளின் அகலமான செயின் நெருக்கமாக அடுக்கிய அந்தப் பல்லுச் சக்கரங்களுக்கு நடுவே சரியாக ஓடாது. கியர் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்குத்தான் அது. நெடுந்தீவுக்காரர் என்றால் குறிகட்டுவான் துறையில் சனத்துக்கு நடுவே அந்த 18 கிலோவைத் தூக்கிப் படகில் ஏற்றுவதையும் கணக்கில் எடுக்கட்டும். மூன்று உருளைகளின் மேல் சைக்கிளைச் சும்மா வைத்து ஓடும் ரோலர் வகையை நண்பன் வீட்டில் ஒருமுறை ஏறிப் பார்த்தேன். இரண்டாம் நிமிடத்தில் சுவரைக் கட்டிப்பிடித்தேன். அதைப் பற்றி மேலே எழுத ஒன்றுமில்லை.

திரவ வகை ஒற்றைக் கியருக்கு நன்றாகப் பொருந்துகிறது. மாற்றக் கியர் இல்லாத குறையை அந்த எண்ணெயே தீர்க்கிறது: மெதுவாக உழக்கினால் ஆறுதல், விரைந்தால் ஏற்றம். குறை ரயரில். முதல் கிழமையிலேயே உருளைக்கடியில் சீமெந்து நிலத்தில் கறுப்புத் தூள் குவிந்தது. பூவேலை உள்ள ரயர் என்பதால் வண்டு இரைகிற மாதிரிச் சத்தமும் வந்தது. தேய்ந்து வழுவழுப்பான பழைய ரயர் ஒன்றைப் போட்டேன். சத்தம் பாதியானது. ட்ரெய்னருக்கென்றே தனி ரயர்கள் விற்கிறார்கள், ஆனால் எங்கள் 28 அங்குல அளவில் நான் ஒன்றும் காணவில்லை. தேய்ந்த ரயரை எறியாமல் இதற்கு வைத்துக்கொள்ளுங்கள். காற்றை இறுக்கமாக அடித்து, உருளை ரயரைத் தொட்டபின் திருகியை இரண்டு, மூன்று சுற்று முறுக்கினால் வழுக்காது.

தொலைபேசித் திரையில் மலையேற்றம் காட்டும் ஸ்விஃப்ட் போன்ற செயலிகளுக்கு மாதம் சுமார் 20 டொலர். மைவூஷ் என்ற செயலி இலவசம். ஸ்விஃப்டின் கற்பனை உலகமான வட்டோப்பியாவும் ஒரு தீவுதான், எரிமலை உட்பட. எங்கள் தீவில் ஏற்றம் என்று சொல்ல ஒரு மதகு இருக்கிறது. நான் செயலியை விட்டுவிட்டுப் பழைய பாட்டுக் கேட்கிறேன்.

ட்ரெய்னரைவிடப் பெரிய சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. முதல் நாள் அறைக்குள் பத்து நிமிடம் ஓடியதும் துவாய் நனைந்து, கண் எரிந்து, தலை சுற்றியது. உடம்பு எரிக்கும் சக்தியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் பெடலுக்குப் போகும், மிச்சம் சூடு. 100 வாட் உழக்கினால் 300 வாட் சூடு உடம்பிலேயே தங்கும். றோட்டில் அதைக் காற்று கொண்டுபோகும். அறைக்குள் யார் கொண்டுபோவது? காற்றுக்குப் பயந்து உள்ளே வந்தவன், காற்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. நின்று சுழலும் பெரிய ஃபான் ஒன்று வாங்கினேன். அதைப் பக்கவாட்டில் அல்ல, நேர் முன்னால், நெஞ்சு உயரத்தில் வைக்க வேண்டும்.

ஃபானுக்கு மின்சாரம் வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை மறக்கவில்லை. நெடுந்தீவிலும் நயினாதீவிலும் மின்சாரம் டீசல் ஜெனரேட்டரை நம்பியது. அனலைதீவையும் சேர்த்து மூன்று தீவுகளுக்கும் சூரிய ஒளியும் காற்றும் கலந்த மின்திட்டம் ஒன்றுக்கு, 11 மில்லியன் டொலர் இந்திய நன்கொடையில், 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது. காற்றில் மின்சாரம் எடுத்து அந்த மின்சாரத்தில் காற்றுப் பிடிக்கும் காலமும் வரலாம். மின்சாரத்தால் எதிர்ப்பைக் கூட்டும் ட்ரெய்னர்கள் பலவற்றில் கரண்ட் போனால் எதிர்ப்பும் விட்டுப்போகும். விலை கூடிய டக்ஸ் நியோ விதிவிலக்கு: உழக்குகிறவர் எழுப்பும் மின்சாரத்திலேயே இயங்கும். எங்கள் டைனமோவின் பணக்காரப் பேரன்.

என் தீர்ப்பைக் கேட்டால், திரவ வகை ட்ரெய்னரும் பேட்டரி ஃபானும். இரண்டாவதை முதலில் வாங்குங்கள்.

நான் அந்தப் பேட்டரி ஃபானை வாங்கவில்லை. ஒரு பின்னேரம் கரண்ட் போய் ஃபான் நின்றதும், கோபத்தில் ட்ரெய்னரைச் சைக்கிளோடு விறாந்தைக்கு இழுத்தேன். அங்கே சோளகம் நேரே முகத்தில் அடித்தது. 40 நிமிடம் ஓடினேன், துவாய் தேவைப்படவில்லை. "இதுக்கு றோட்டிலையே ஓடியிருக்கலாமே" என்றாள் மனைவி. றோட்டில் அதே காற்று என்னைத் தடுக்கும், இங்கே அது வியர்வையை மட்டும் கொண்டுபோகிறது என்று விளக்கினேன். அவள் கேட்டதாகத் தெரியவில்லை.

இப்போது அது விறாந்தையில் தென்மேற்கைப் பார்த்து நிற்கிறது. கடற்காற்றின் உப்போடு என் வியர்வை உப்பும் சேர்கிறது. ஓடி முடிந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த சீலையால் கம்பிகளைத் துடைத்து, செயினுக்குத் தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விடுகிறேன். அண்ணை போட்டுத் தந்த நட் இரண்டில் இடது பக்கத்தது மட்டும் துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டது.